ராமேஸ்வரம் போகிற ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் போய்ச் சேர வேண்டும் என்பதில் மகிழ்ச்சி. "அங்கே வெயிலும் மழையும் நம்ம ஊர் மாதிரிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராஜபாளையத்தில் இருக்கும் உங்கள் அம்மா புயலை நினைத்துத் தூக்கமில்லாமல் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தீவுக்கு மாற்றலாகிப் போகிற மேற்கத்திக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. அதனால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். நானும் ராஜபாளையத்துக்காரன். வேலைக்காகச் சில வருஷம் அதே தீவில், பாம்பனில் குடியிருந்தேன்.

இரண்டு ஊருக்கும் ஒத்துப்போகிறதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985 வரைக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராமேஸ்வரம் எல்லாமே ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியும் தனுஷ்கோடியின் மணல் முனையும் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்தன. பூகோளப் படத்தை விரித்துப் பாருங்கள், உங்கள் ஊர் ஒன்பதரை டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ராமேஸ்வரம் ஒன்பதேகால் டிகிரிக்குச் சற்று மேலே. கிழக்கே கோடு போட்டமாதிரி போனால் 190 கிலோமீட்டர் சுமாருக்குத் தீவு வந்துவிடும். சித்திரை முதல் நாளை ஒட்டி இரண்டு ஊரிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். ஆவணியில் இன்னொரு தடவை அப்படி ஆகும். பொழுது மட்டும் அங்கே ஏழு நிமிஷம் முந்தி விடிந்துவிடும். வருஷ மழைக் கணக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 800 மில்லிமீட்டரை ஒட்டி. இரண்டுக்குமே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்.

ஒரே சூரியன், ஒரே பருவமழை, மொத்தக் கணக்கும் ஒன்று. ஆனாலும் நீங்கள் அங்கே இறங்கிய முதல் வாரத்திலேயே உடம்பு சொல்லிவிடும், இது வேறு ஊர் என்று. நமக்கு மேற்கே மலை நிற்கிறது. அவர்களுக்கு நாலு பக்கமும் தண்ணீர். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறதுதான்.

நம்ம ஊரில் வானிலை பார்க்கிறது எப்படி? மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்ப்போம். மலையில் இருட்டிக்கொண்டு வந்தால் துணியை எடுப்போம். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு, மூணு மணிக்கு மேல் மலைச்சரிவில் மேகம் குமுறி, இடியோடு ஒரு மழை அடிக்குமே, அந்தக் கோடை மழையைக் கொடுப்பது மலைதான். சரிவில் காய்ந்த காற்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மழையாகிறது. கீழே ஊரில் ஒரு சொட்டு இல்லாமல் மேலே மட்டும் கொட்டுவதும் உண்டு, அதுதான் ஆபத்து. 2015 மே மாதம் சதுரகிரிக்குப் போனவர்களைத் தாணிப்பாறை ஓடையில் வந்த காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மலையில் பெய்ததை அய்யனார் கோயில் ஆறு இறக்கிக்கொண்டு வருகிறது, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிறைகிறது, ராஜபாளையம் குடிக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகளுக்கும் இதே கதை. தென்மேற்குப் பருவத்தில் மட்டும் அந்த மலையே நமக்கு வில்லன். அரபிக்கடல் மேகத்தையெல்லாம் கேரளத்துப் பக்கமே பிழிந்துவிட்டு, வெறும் காற்றை நம் பக்கம் இறக்கிவிடும். இறங்குகிற காற்று சூடேறும், மேலும் வறளும். ஆனி, ஆடியில் மலைமுகட்டில் மேகம் பஞ்சுப்பொதி மாதிரி உட்கார்ந்திருக்க, கீழே கண்மாய் வெடித்துக்கிடப்பது இதனால்தான்.

தீவில் மேற்கே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேலை இல்லை. தீவு முழுக்க மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது கந்தமாதன பர்வதம் ஒன்று. அது பேருக்குத்தான் பர்வதம், ஏறி இறங்க அரை மணி நேரம் ஆகாது. மலை இல்லாத சின்னத் தீவு தனக்கென்று மேகம் உண்டாக்கிக்கொள்ள முடியாது. நங்கூரம் போட்ட கப்பலைப் போல, கடலில் என்ன நடக்கிறதோ அதுதான் அதற்கும் நடக்கும்.

தீவு என்றாலே மழையும் பசுமையும் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொள்கிறோம். அது மலையுள்ள தீவுகளின் கதை. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு, நம் தமிழர் வழிவந்தவர்களும் வாழ்கிற இடம். 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த எரிமலை நடுவில் நிற்கிறது. அங்கே ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது உலக சாதனையாக நிற்கிறது. நமக்கு இரண்டு வருஷத்துக்குப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில். இலங்கையை எடுத்துக்கொண்டாலும் நுவரெலியா நனைந்துகொண்டே இருக்கும், மன்னார் காய்ந்து கிடக்கும். உங்கள் ராமேஸ்வரம் மன்னாரின் உடன்பிறப்பு. நடுவில் ஆதம் பாலத்து மணல்திட்டுகள் மட்டும்தான்.

வெயிலுக்கு வருகிறேன். தெர்மாமீட்டரை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். அக்னி நட்சத்திரத்தில் நமக்கு 37, 38 டிகிரி என்றால் தீவில் 32, 33-க்குள் நின்றுவிடும். கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். கரையைத் தன் சூட்டிலேயே வைத்திருக்கும். பிரச்சினை ராத்திரி. நம்ம ஊரில் பங்குனியில் பகலுக்கும் விடியலுக்கும் பத்து டிகிரிக்கு மேலேயே வித்தியாசம் வரும், நாலு மணிக்குப் போர்வை தேடுவோம். அங்கே அஞ்சு, ஆறு டிகிரி இறங்கினாலே அதிகம். காற்று நின்றுவிட்ட சித்திரை ராத்திரியில் வேர்வை காயவே காயாது; தலையணை ஈரமாகும். உலர்ந்த 38-ஐ நம்மால் தாங்க முடியும், நிழலில் ஒதுங்கினால் போதும். ஈரமான 32-க்கு நிழலில் ஒதுங்கிப் பிரயோஜனமில்லை. என்னைக் கேட்டால் நம்ம வெயிலே தேவலை என்பேன். பாம்பன்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

அந்த ஈரத்துக்கு நம் ஊரில் காசு கொடுக்கிறார்கள். ராஜபாளையம் மில் எதிலாவது ஸ்பின்னிங் பகுதிக்குள் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழைந்ததும் முகத்தில் ஒரு ஈரக்காற்று அடிக்கும். பஞ்சு வறண்டுபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று, மெஷின் வைத்துத் தண்ணீரைப் புகையாக்கி உள்ளே விடுகிறார்கள். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா முதல் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்தே பஞ்சு இந்த ஊரின் பிழைப்பு. மலையடிவாரத்து வறட்சியோடு போராடித்தான் இங்கே நூல் நூற்க வேண்டியிருக்கிறது. தீவில் அந்த ஈரம் இலவசம்; கூடவே உப்பு. உங்கள் சமையலறை உப்புஜாடி ஒரே வாரத்தில் கசியும். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரின் தாள் மொறமொறப்பை இழந்து துணி மாதிரி தொங்கும். ஜன்னல் கம்பிக்கு எத்தனை பெயின்ட் அடித்தாலும் திருகாணித் தலையில் முதலில் பழுப்பு பூக்கும், அப்புறம் அங்கிருந்து கம்பியெல்லாம் வழியும். ஊரிலிருந்து பால்கோவா வாங்கிப் போவீர்கள், தெரியும். டப்பாவைத் திறந்தால் அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். நம்ம ஊர் நாள்கணக்கை அங்கே நம்பி வைத்தால் பூஞ்சணம் பூத்துவிடும்.

இனிமேல் நீங்கள் பார்க்க வேண்டியது காற்றை. தீவுக்காரர்கள் மழையைப் பற்றி நம்மளவு பேசமாட்டார்கள். காற்றைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலும் அவர்கள் வாயில் புழங்கும் சொற்கள். நீங்கள் ஜூனில் போகிறீர்கள், கச்சான் உச்சத்தில் இருக்கும் நேரம். நம் ஆடிக்காற்றின் அண்ணன் அது. குமரிப் பக்கத்து மலைக்கும் இலங்கை மலைக்கும் நடுவில் மன்னார் வளைகுடா ஒரு சந்து மாதிரி அமைந்திருப்பதால், தென்மேற்குக் காற்று அங்கே நெருக்கிக்கொண்டு வேகமெடுக்கும். தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறந்து முகத்தில் ஊசி குத்தும், தார்ச்சாலையை மூடிவிடும். மழை மட்டும் வராது. ஆவணி தாண்டும் வரைக்கும் தீவுக்குத் தூறல்தான். காதையும் தலையையும் சேர்த்து மூட ஒரு பருத்தித் துண்டு எடுத்துப் போங்கள். குடை வேண்டாம், முதல் நாளே மடங்கிப் போகும்.

இந்தக் காற்றுக்குப் பயந்துதான் பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுமானி வைத்தார்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் நின்றுவிடும் என்பது விதியாக இருந்தது. மண்டபத்தில் ரயிலை நிறுத்திப்போட்டு, பிள்ளைகுட்டிகளோடு பயணிகள் காற்று இறங்கட்டும் என்று காத்துக்கிடப்பார்கள். 1988-இல் ரோட்டுப் பாலம் வந்த பிறகு அந்தக் கஷ்டம் குறைந்தது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்துவிட்டார்கள். காற்று மாறவில்லை, ஆகவே ஊருக்கு வருகிற அன்று ரயில் தாமதமானால் யாரையும் திட்டாதீர்கள்.

தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். வடக்கே பாக் விரிகுடா, வடகடல். ஒன்றை ஆண்கடல், ஒன்றைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கரையில் அலை மோதித் தள்ளும். தீவின் முதுகுக்குப் பின்னால் வடகடல் குளம் மாதிரி படுத்துக்கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பியதும் தலைகீழ்: வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துவிடும். வள்ளக்காரர்கள் அதற்குத் தகுந்தபடி கரை மாறித் தொழில் பார்க்கிறார்கள். சில கிலோமீட்டர் அகலத்து நிலத்தின் இரண்டு பக்கத்திலும் ஒரே நாளில் இரண்டு விதக் கடல் என்பதை, முதல் விடுமுறையிலேயே நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பருவக்காற்றுப் பாடம் நடத்த கரும்பலகையே வேண்டாம்.

மழைக்கு ஐப்பசி வரை பொறுக்க வேண்டும். வந்தால் அது நம்ம ஊர் மழை மாதிரி சாயங்காலம் வராது. கடல்மேல் மேகம் ராத்திரியில் திரண்டு, பின்னிரவிலும் விடிகாலையிலும் கரைக்கு வரும். பள்ளிக்கூட நேரத்தில் வெயில் காயும், படுத்தபிறகு கூரை அதிரும். மொத்த மழை ஒன்று என்று மேலே சொன்னேனே, அந்தச் சராசரியை நம்பி வீடு பிடிக்காதீர்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, அதில் பெரும்பங்கு சில மணி நேரத்துக்குள். மாவட்டத்தின் வருஷ மழையில் பாதி! தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் சேர்ந்தே கொட்டியது. நம்ம ஊரில் அப்படிப் பெய்தால் ஓடை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கண்மாய்க்குக் கண்மாய் மறுகால் இருக்கிறது. தீவில் ஆறு என்று ஒன்று கிடையாது, தட்டையான தரையில் தண்ணீர் போக வழி தேடி நிற்கும். வாடகை கொஞ்சம் கூடினாலும் தெருமட்டத்துக்கு ரெண்டு படி உயர்ந்த வீடாகப் பிடியுங்கள்.

நின்ற தண்ணீர் வீணாவதில்லை என்பது ஒரு ஆச்சரியம். மணலுக்குள் இறங்குகிற மழைநீர், அடியில் ஊறியிருக்கும் கடல்நீரைவிட எடை குறைவானதால் அதன்மேல் மிதந்து நிற்கும். தனுஷ்கோடி மணலில் பெண்கள் கையால் தோண்டிய சின்ன ஊற்றில் செம்பு செம்பாக முகந்து குடம் நிரப்புவதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் குடிதண்ணீர். கொஞ்சம் ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ உப்பு மேலேறிவிடும். தங்கச்சிமடத்து வில்லூண்டித் தீர்த்தம் உங்களுக்கு நடைதூரமாகவே இருக்கலாம். கடலுக்குள் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர். புராணம் ராமர் அம்பைச் சொல்கிறது, மணலுக்கடியில் நடப்பது நான் சொன்ன கணக்கு. குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகிறது.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. உங்கள் ஊர்ப் பெண் ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மேகத்தைக் கடலுக்குள் போய் நீர் முகந்து வரச் சொல்கிறாள். செண்பகத்தோப்பு மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவளுக்கு, மார்கழி மழையின் ஊற்று கிழக்கே இருக்கும் கடல் என்று தெரிந்திருக்கிறது. அதற்கு முந்திய பாசுரத்தில் மழை வேண்டும், ஆனால் கெடுதல் இல்லாமல் வேண்டும் என்று நிபந்தனையும் போடுகிறாள். மலையடிவாரத்தில் அந்த நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறுகிறது. தீவில் சில சமயம் அது நிறைவேறாமல் போயிருக்கிறது, உங்கள் அம்மாவின் பயம் அங்கேதான் இருக்கிறது.

அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1964 டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி பக்கத்திலேயே ஒரு காற்றழுத்தம் உண்டானது. அவ்வளவு தெற்கில் புயல் பிறப்பது அபூர்வம். அது 22-ஆம் தேதி இலங்கை வவுனியாவைக் கடந்து, அன்று ராத்திரி தனுஷ்கோடியில் ஏறியது. ஏழு மீட்டர் அலை எழுந்ததாகச் சொல்கிறார்கள். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு, கடலுக்குள் போய்விட்டது. பாலத்தின் கர்டர்களையும் அலை பெயர்த்துப் போட்டது. பிறகு 46 நாளில் அதைச் செப்பனிட்ட பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். அலை அவ்வளவு எழுந்ததற்கு ஒரு காரணம், வடகடல் ஆழமே இல்லாத கடல், பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டித்தான். புயல்காற்று தள்ளுகிற தண்ணீருக்குக் கீழே இறங்க இடமில்லை, மேலேதான் ஏற வேண்டும்.

இதே ஆழமின்மைதான் இன்னொரு செய்திக்கும் காரணம். "பாம்பனில் கடல் உள்வாங்கியது, படகுகள் தரைதட்டின" என்று டி.வி.யில் வருஷத்துக்குச் சில தடவை ஓடும். அம்மா உடனே போன் போடுவார், 2004 சுனாமி ஞாபகத்தில். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தண்ணீரை ஒரு பக்கம் இழுத்தால், ஆழமில்லாத கரையில் நூறு, இருநூறு அடி வெறும் சேறாகத் தெரியும். சில மணி நேரத்தில் திரும்பிவிடும். வள்ளக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நிலநடுக்கச் செய்தி எதுவும் கூட வந்திருந்தால் மட்டும் விஷயம் வேறு.

புயலுக்கே திரும்பினால், அம்மாவுக்கு ஆறுதலாகச் சொல்லவும் விஷயம் இருக்கிறது: தனுஷ்கோடி கையகல மணல் முனை. தங்கச்சிமடம் தீவின் அகன்ற பாகத்தில் இருக்கிறது. 1964-இல் வானத்திலிருந்து புயலைப் பார்க்க இந்தியாவிடம் ஒரு செயற்கைக்கோளும் இல்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது, அது திருகோணமலைப் பக்கம் கரையேறுவதற்கு முன்பே இங்கே படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். அது பாம்பன் பக்கத்தில் வந்து நகராமல் நின்று வலுவிழந்துபோனது. ஆனாலும் அது நின்ற அந்த நேரமெல்லாம் தீவு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1, 2 என்றால் புயல் எங்கோ தூரத்தில். ஊர் தன்பாட்டுக்கு வேலை பார்க்கும். 3 என்றால் பலத்த காற்று வரலாம். 8-ஐத் தொட்டுவிட்டால் பெரும் அபாயம். அதற்கு முன்பே வருவாய்த் துறையினர் இடம் மாறச் சொல்வார்கள். சொன்ன உடனே கிளம்புங்கள், பள்ளி ரிஜிஸ்தரை நினைத்து நிற்காதீர்கள்.

அம்மாவைத் தை, மாசியில் வரச் சொல்லுங்கள். வாடையின் முறுக்கு இறங்கி, புழுக்கம் ஏறாத மாதங்கள் அவை. சில வருஷம் தையிலும் மழை எட்டிப்பார்க்கும். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தென்மாவட்டங்களில் கதிர் நனையப் பெய்தது நினைவிருக்கும். ஏப்ரல் 15-இல் இழுவைப் படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கிவிடும். மீன் விலை ஏறும், காற்றும் படுத்துவிடும், அந்தச் சமயத்தில் வயதானவர்களைக் கூட்டி வராதீர்கள்.

கடைசியாக, அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த இரும்பு பீரோவைக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே விட்டுவிட்டு, அங்கே போய் மரத்தில் ஒரு சின்ன அலமாரி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டுப்புடவையையும் பீரோவோடு விட்டுப்போவது நல்லது.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்